கழுவிக் காயவைத்த உறை

1974 பெப்ரவரி 11, திங்கள்

இரண்டு கிழமையாக அடிவயிற்றில் நோவு, சலம் போகும்போது எரிவு. கடையில் பாண் வாங்குகிற வரிசையில் நிற்கவும் ஏலாமல் போனதால் இன்றைக்குக் கிளினிக்குக்குப் போனேன். லேடி டொக்டர் சோதித்துப்போட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸை வெளியே அனுப்பினா. அப்போதே தெரிந்துவிட்டது நல்ல கதை இல்லையென்று.

வெட்டை நோயாம். எனக்கு! கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருஷம், வின்சன்டைத் தவிர ஒருத்தரின் நிழலும் என்மேல் விழுந்ததில்லை.

டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னா: "இது உங்களிலை தொடங்கினதில்லை எண்டு எனக்குத் தெரியும். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் ஊசி போடாட்டி உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். முத்தினால் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வரும்." அவருக்குச் சுகமாகும்வரைக்கும் தள்ளி இருக்க வேண்டுமாம். ஏலாவிட்டால் அவர் ரப்பர் உறை போடவேண்டுமாம், ஒவ்வொரு முறையும்.

பென்சிலின் போட்ட இடம் கல்லாக இருக்கிறது. இருக்க ஏலாது. அலுமாரித் தட்டில் கொப்பியை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பெப்ரவரி 12

சொன்னேன். வின்சன்ட் துறைமுகத்தால் வந்து, குளித்து, சாப்பிட்டு முடிந்த பிறகு. முதலில் சிரித்தார். பிறகு ஆஸ்பத்திரிக் கக்கூசில் பிடித்திருக்கும் என்றார். பிறகு கோபம் வந்தது. கடைசியில், "நீ ஆரோடை கதைச்சுத் திரிஞ்சனீ?" என்று கேட்டாரே, அதைத்தான் நெஞ்சு விழுங்க மாட்டேன் என்கிறது.

கப்பலில் விஞ்சு ஓட்டிப் பாரம் தூக்கி இறக்குகிற மனுஷன். எந்தப் பாரத்தை எங்கே இறக்குவதென்று பழகியவர். என் தலையில் இறக்கிவிட்டார்.

ஊசிக்கு வரமாட்டாராம். துறைமுகத்தில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். என்னுடைய மானம்? அது பாண் வரிசையில் நிற்கட்டும்.

பெப்ரவரி 24, ஞாயிறு

பன்னிரண்டு நாள் பிள்ளைகளின் அறையில் படுத்தேன். இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் வின்சன்ட் ஒரு சிறிய தகரப்பெட்டியை மேசையில் வைத்தார். பெரிய காரியம் செய்துவிட்ட முகம்.

உள்ளே ஒரேயொரு ரப்பர் உறை. நல்ல தடிப்பு, சைக்கிள் ரியூப் நிறம். வெள்ளைக்கார நேவி இங்கே இருந்த காலத்தில் நேவி யாட்டில் வேலை செய்த மைக்கல் கிழவரிடம் வாங்கினாராம். "வெள்ளைக்காரன்ர சாமான். கடையிலை இப்ப வாறது பலூன். இது கழுவிக் கழுவி வருஷக்கணக்காப் பாவிக்கலாம்" என்றார். இந்த ஊரில் நேவிக்காரன் விட்டுப்போன ஆணியும் கெடாது என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான், பொய் சொல்வானேன்.

டொக்டர் உறை என்றா. இது உறை. ஓம் என்றேன்.

மார்ச் 2, சனி

யார் கழுவுகிறது? நான்தான். சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் உடுப்புக்கு வைத்த துண்டில் கிள்ளிக் கழுவி, குசினிக் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் காணாமல் காயவைத்து, அரிசிமா தூவிச் சுருட்டிப் பெட்டியில் வைக்கிறேன். ரப்பர் காய்ந்து விறைப்பாக இருக்கிறதென்று அவர் என் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைத் தடவிக்கொள்கிறார். பிறகு போத்தலை மூடாமல் விட்டுவிடுகிறார். கழுவும்போது வாந்தி வரப் பார்க்கிறது. மனைவி என்றால் இதுவும் சேர்த்தியா?

மார்ச் 8, வெள்ளி

தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உறையைப் பற்றிச் சொன்னதும் சாமியார் கருத்தடை பாவம் என்றார். கருவைத் தடுக்கவில்லை சாமி, வியாதியைத் தடுக்கிறேன் என்றேன். பிறகு கணவருக்காகச் செபிக்கச் சொன்னார், எனக்கு ஒரு முழுச் செபமாலை அபராதம் தந்தார்.

வியாதி கொண்டுவந்தவர் கோயில் மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, சனி

வியாழக்கிழமை இரவு முறை வேலை என்று போனவர் நேற்றுப் பகல்தான் வந்தார். இன்றைக்கு அலுமாரி துடைக்கும்போது தகரப்பெட்டியைத் திறந்தேன். நான் போன ஞாயிறு சுருட்டி வைத்த மாதிரி இல்லை. வலப்பக்கமாகச் சுருட்டியிருந்தது. அரிசிமா இல்லை. வேறு பவுடர். மணந்து பார்த்தேன்.

குழந்தைப் பவுடர்.

மார்ச் 17

எங்கள் வீட்டில் சின்னவனுக்கே ஒன்பது வயது.

மார்ச் 18, திங்கள்

நோவு திரும்பி வந்துவிட்டது. கிளினிக்குக்குப் போய்ப் பெட்டியின் கதையைச் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தா. எனக்கு மறுபடியும் ஊசி. இந்த முறை குணப்பட்டு, அதன்பிறகும் வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, கத்திதான் என்றா.

அங்கிருந்து நேரே ஸெய்னுதீன் நானாவின் மருந்துக்கடைக்குப் போனேன். எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இருமல் மருந்து வாங்கின கடை! கடையில் நின்ற ஆள் போகும்வரை ஈனோ போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, உறை இருக்கிறதா என்று கேட்டேன். நானா சிரிக்கவில்லை. காய்ச்சல் குளிசை எடுத்துத் தருகிற மாதிரியே இரண்டு மூன்று பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

பழைய சாமானைப் பற்றியும் சொன்னேன். எண்ணெயையும் சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தங்கச்சி, நேவி போய்ப் பதினேழு வருஷம். ரப்பருக்கும் வயசு போகும். தேங்காயெண்ணெய் பட்டால் அது அரிச்சுப்போகும், கண்ணுக்குத் தெரியாம ஓட்டை விழும். ஒரு தரம் பாவிச்சதை எறியணும். கழுவிறதெண்ட கதையே இல்ல."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். பெட்டியில் அடித்திருக்கிற திகதியைப் பார்க்க வேண்டும். வழுவழுப்புப் பூசியே வருகிறதை எடுத்தால் எண்ணெய் தேவையில்லை. தடிப்பாக இருந்தால் பலம் என்று நினைக்கக்கூடாது, அளவாக இருந்தால் காணும், தளர்ந்தால் கழன்றுவிடும். நுனியில் காற்றில்லாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். அவரின் காற்சட்டைப் பொக்கற்றிலோ தகரக்கூரைக்குக் கீழேயோ வைக்கக்கூடாது, வெக்கைக்குக் கெட்டுவிடும். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒருவர் எனக்குப் பொறுமையாகப் படிப்பித்ததில்லை. இரண்டு பெட்டி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைக்காரனின் சாமானை அடுப்பில் போட்டேன். எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

மார்ச் 19

குழந்தைப் பவுடர் எந்த வீடு என்று கேட்டேன். பெட்டி எங்கே என்று அவர் கேட்டார். எரித்தேன் என்றேன். கதிரையை உதைத்துவிட்டு, சாம்பல்தீவு, கிறிஸ்டின் என்று தானாகவே கத்தினார். கேட்டதற்கு விடை கிடைத்தது, எனக்கு அது காணும்.

மார்ச் 21, வியாழன்

சாம்பல்தீவுக்கு பஸ்ஸில் போனேன். சண்டைக்குத்தான் போனேன், வேறு எதற்கு? வழி முழுக்க என்ன சொல்லிக் கிழிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

விசாரித்துப் போன வீட்டு வாசலில் கிறிஸ்டின் வலை திருத்திக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கடலில் போன புருஷன் திரும்பாமல் மூன்று வருஷமாம். மடியில் எட்டு மாதப் பெட்டைக்குட்டி, வின்சன்டின் மோவாயோடு. ஆருடைய பிள்ளை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

என்னைக் கண்டதும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள். நிற்கும்போது அடிவயிற்றைப் பிடித்தாள். நான் பிடிக்கிற அதே இடத்தில். ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. எத்தனை நாளாக நோவு என்று கேட்டேன். மார்கழியிலிருந்து என்றாள். இன்னொரு பிள்ளை வராமல் இருக்கத்தான் உறை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார். வியாதி என்று வாய் திறக்கவில்லை. அவளும் கழுவினாளாம். அவளுக்கும் வாந்தி வந்ததாம்.

இரண்டாவது பெட்டியை அவளிடம் கொடுத்தேன். நானா சொன்னதை எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். எண்ணெய் வேண்டாம், கழுவ வேண்டாம், ஒன்று ஒருமுறைக்கு. பெட்டியின் திகதியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் போடமாட்டன் எண்டால்?"

அக்காவாம். பத்திக்கொண்டு வந்தது.

"கதவைத் திறவாதேயும். நானும் திறக்கமாட்டன்."

மார்ச் 25, திங்கள்

கிறிஸ்டினைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரே வாங்கில் இருந்தோம். அவள் ஊசிக்கு உள்ளே போனபோது பிள்ளையை நான் வைத்திருந்தேன். அது என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதில் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, உயிர்த்த ஞாயிறு

மூன்று கிழமையாக வின்சன்ட் விறாந்தையில் படுக்கிறார். போன கிழமை சாம்பல்தீவுக்கு மிதித்துப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நாயாக்கிப்போட்டியள்" என்றார். இறைச்சிக்கறியைப் போட்டுக் கொடுத்தேன். மறுகறி கேட்டார். அதையும் கொடுத்தேன்.

ஏப்ரல் 22

அரை நாள் லீவு போட்டுத் தானாகவே கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டாராம். ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார். சுடுதண்ணி ஒத்தடம் கேட்டார். அடுப்பு அங்கேதான் இருக்கிறது என்றேன்.

யூன் 10, திங்கள்

இன்றைக்குக் கடைசிச் சோதனை. அவரையும் கூட வரச் சொல்லியிருந்தா டொக்டர். இரண்டு பேருக்கும் துடைத்த மாதிரிப் போய்விட்டதாம். கிறிஸ்டினுக்கும் சுகமென்று எனக்கு முந்தியே தெரியும், வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் கண்டேன். கர்ப்பப்பைக்கு இனிப் பயமில்லை. டொக்டர் சிரித்துக்கொண்டே, இனி உங்களுக்கு உறை தேவையில்லை, கணவன் மனைவியாகச் சந்தோஷமாக இருங்கோ என்றா. வின்சன்ட் மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சைக்கிளில் முன்னால் ஏறச் சொன்னார்.

ஏறினேன். ஸெய்னுதீன் நானாவின் கடையடியில் நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய், திகதி பார்த்து, ஒரு பெட்டி வாங்கினேன். முந்தானையைக் கடிக்கவில்லை.

"இனி உறை தேவையில்லை எண்டு டொக்டர் சொன்னவவெல்லே?" என்றார் வின்சன்ட்.

ஓம், அப்படித்தான் சொன்னவ என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறி இருந்தேன்.