உப்பில்லாத கறி

மே 8, ஞாயிறு

வெயில் காலை ஏழு மணிக்கே முதுகில் அறைகிறது. அக்னி நட்சத்திரம் ஐந்தாம் நாள்.

சோற்றை நிறுத்தி இன்றோடு பதினைந்து நாள். எடை: 84இல் தொடங்கியது, இப்போது 79. பஸ் ஸ்டாண்டு மிஷினில் ஏறிப் பார்த்தது. முட்டி வலி பாதி குறைவு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் வைப்பார்கள்.

இவர் கறி வாங்கி வந்தார். முக்கால் கிலோ. அதில் அரை கிலோ எனக்கு: உப்பில்லாமல் வேகவைத்து, கொழுப்பு போகட்டும் என்று தண்ணீரைக் கீழே ஊற்றி, மிளகு தட்டிப் போட்டது. மீதியில் குழம்பு, இவருக்கும் வசந்தாவுக்கும்.

வசந்தா இவருடைய அக்கா. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தவள். ஒரு வாரம் என்று வந்து ஒரு மாதம். கட்டைப் பிரித்ததும் அந்தக் கண் முதலில் பார்த்தது என் தட்டைத்தான்.

"தம்பிக்கு நாலு துண்டு, இவளுக்கு ஒரு சட்டி. எந்த ஊருல இருக்குது இந்த நியாயம்?"

நான் அடுப்படியில். அவள் கூடத்தில். என் காதில் விழட்டும் என்றே சொன்னது. இவர் மென்றுகொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் ஒட்டிய குழம்பில் மிச்சச் சோற்றைப் பிசைந்து தின்றவள் நான். அந்த மிச்சச் சோறுதான் 84 கிலோ. அப்போது என் தட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மே 9, திங்கள்

குமார் போன் செய்தான். என் தம்பி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இந்தச் சாப்பாட்டைச் சொன்னவன் அவன்தான். அவன் கம்பெனியில் யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புத்தகமாம். அவன் சொன்னது, மறக்காமல் இருக்க:

சோறு, இட்லி, உருளை, பழம், சர்க்கரை கூடாது.
கறி, மீன், முட்டை வயிறு நிறைய.
தண்ணீர் நாளுக்கு ஐந்து லிட்டர். குறையக் கூடாது.

உப்பை விட்டது மட்டும் என் சொந்த யோசனை. ரத்தக் கொதிப்புக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிகிற மாத்திரை ஒன்றும் எழுதித் தந்தார். காலையில் ஒன்று, இன்றுவரை தவறியதில்லை. குறை என்றவர், அடியோடு விட்டால் சந்தோஷம்தானே படுவார்.

"அக்கா, அஞ்சு கிலோவா? சூப்பருக்கா," என்றான். இந்த வீட்டில் ஒரு நாய் கூட அப்படிச் சொல்லவில்லை.

மே 11, புதன்

தலைவலி. மூன்றாவது நாள்.

நான் வேலை செய்கிற பீங்கான் கம்பெனியில் சூளை திறந்த நாள். உள்ளே பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள், இன்னும் சூடு அடங்கவில்லை. நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம் என்று பிரிப்பது என் பொறுப்பு. என் கீழ் ஆறு பெண்கள். இரண்டு மணி நேரத்துக்குள் புடவை உடம்போடு ஒட்டி, அப்புறம் அதுவும் காய்ந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு.

பதினோரு மணிக்கு இடது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. துணி பிழிகிற மாதிரி. கத்திவிட்டேன். செவந்தி ஓடிவந்து பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினாள். கம்மாபுரத்திலிருந்து வருகிறவள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகப் போகிறது என்று தினம் ஒரு புலம்பல் வைத்திருப்பாள்.

"அக்கா, சோறு துன்னாம எப்படிக்கா இந்தச் சூட்டுல நிக்கிறீங்க? கொஞ்சம் கஞ்சி குடிங்கக்கா, உப்பு போட்டு வெச்சிருக்கன்."

"உன் வேலையப் பாருடி," என்றேன்.

முகம் சுருங்கிப் போனாள். போகட்டும். எல்லாருக்கும் என் வாயில் சோற்றைத் திணிக்கவேண்டும்.

சாயங்காலம் நல்ல கட்டைகளைத் தவறான பக்கம் அடுக்கியிருக்கிறேன். ஒரு தட்டு முழுக்க. முதலாளி பார்த்துவிட்டார். "கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, பேக்கிங்ல உக்காரலாம்." பதினாறு வருடமாக ஒரு தப்பு எடுக்காதவளிடம்.

மே 12, வியாழன்

இன்று பெரிய சண்டை. எழுதிவிட்டால்தான் நெஞ்சு ஆறும்.

கோழி. நானே வேகவைத்து மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து ஒரு வாய் வைத்தால் உப்பு. நாக்கு அப்படியே இனித்தது. ஆமாம், இனித்தது. இன்னொரு துண்டு எடுக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

"யாரு இதுல உப்பு போட்டது?"

வசந்தா கூடத்திலிருந்தே: "நான்தான். மனுஷி துன்ற மாதிரியா இருக்குது? வாயில வெக்க முடியல."

"என் கறிய நீங்க எதுக்கு வாயில வெச்சீங்க?"

"என் தம்பி வாங்கியாந்த கறி."

"எனக்கு பிரஷர் இருக்குது. உப்பு ஆவாதுன்னு தெரியுமில்ல? என்னைக் கொல்லப் பாக்கறீங்களா அண்ணி?"

அதற்கு அவள் சிரித்தாள். "உப்பு போட்டுத் துன்னாதானேடி ரோஷம் வரும். உனக்கு எங்க வரப்போவுது."

சட்டியோடு எடுத்துப் போய் வாசல் சாக்கடையில் கொட்டினேன். தெருவே பார்த்தது. இவர் சேத்தியாத்தோப்பு டிரிப் முடித்து (தனியார் பஸ், டிரைவர்) அப்போதுதான் உள்ளே வந்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. "கோழிய ஏன்டி கொட்டுன?" இவ்வளவுதான் கேட்டது. கோழிக்காக ஒரு வருத்தம்.

இன்று முழுக்க இரண்டு முட்டை, ஒரு குடம் தண்ணீர். கை விரல்கள் மரத்த மாதிரி. நெஞ்சு நடுவில் ஒரு துடிப்பு தவறி, அப்புறம் சேர்த்து இரண்டு. கோபத்தால் இருக்கும்.

மே 13, வெள்ளி

77.5.

குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. வாந்தி வருகிற மாதிரி. குமாருக்குப் போன் போட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான்க்கா. தண்ணி இன்னும் சேத்துக் குடி." குடித்தேன்.

வசந்தா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது: "கறி சூடு மூளைக்கு ஏறிடுச்சு அவளுக்கு." அந்த வாய்க்குப் பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மே 16, திங்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி

சனிக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கையில் ஊசி. கிறுக்கலாக வருகிறது.

சூளை வாசல். மதியம் மூன்று இருக்கும். கட்டை அடுக்கிய பலகையைத் தூக்கி இரண்டு படி ஏறினேன். காலில் முறுக்கு, இரண்டு காலிலும். நெஞ்சு படபடவென்று. அப்புறம் தெரியாது. பலகையோடு விழுந்தேனாம். நல்ல வேளை, சூளைப் பக்கம் இல்லை, மணல் பக்கம். செவந்தி சொல்கிறாள்: "உங்க பேரக் கேட்டா முழிச்சீங்கக்கா. என்னைய பாத்து யாருன்னு கேட்டீங்க." அவளே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள்.

நெற்றியில் நாலு தையல். அது பெரிதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உடம்பில் உப்பு இறங்கிவிட்டதாம். சோடியம், பொட்டாசியம் இரண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வலிப்போ, நெஞ்சு நின்று போவதோ, எது முந்துமோ தெரியாது என்றார் டாக்டர். மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண். முகத்தில் சிரிப்பு என்று ஒன்று கிடையாது.

"யாரு இந்தச் சாப்பாடு சாப்பிடச் சொன்னது?"

"தம்பிங்க."

"தம்பி டாக்டரா?"

"கம்ப்யூட்டருங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "உப்பு எவ்ளோ போடுவீங்க?"

"போடறதே இல்லைங்க. கறி வேகவெச்ச தண்ணியக்கூட கொட்டிடுவேங்க."

"தண்ணி?"

"அஞ்சு லிட்டரு. கடைசியில ஏழு."

"பிரஷர் மாத்திரைய நிறுத்தலையே?"

"ஒரு நாளும் தவறல," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நல்லா இருக்குது போங்க," என்றார். "சோத்த விட்டாலே உடம்பு உப்பை ஒண்ணுக்குல வெளிய தள்ளும். அதுக்கு மேல அந்த மாத்திரை தள்ளும். மிச்சத்த சூளையில வேர்வையா விட்டிருக்கீங்க. உள்ள ஒரு கல்லு போடல. கறி வேகவெச்ச தண்ணில இருந்த பொட்டாசியத்தையும் சாக்கடைக்குக் குடுத்துட்டீங்க. வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி இருந்ததையும் கரைச்சிட்டீங்க. பிரஷர் உங்களுக்கு இப்ப நூறு கூட இல்ல. யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று கேட்கவில்லை. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பொட்டாசியத்துக்கு ஒரு மருந்து, தண்ணீரில் கலந்து குடிக்க. நாக்கு எரிகிறது. துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி.

சனியும் ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது வசந்தா. ஆபரேஷன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முக்காலியில், திட்டிக்கொண்டே. இவர் டிரிப்புக்கு நடுவே வந்து வந்து போனார். பாத்திரம் வைத்து, துடைத்து, தலை வாரி எல்லாம் அவள்தான். வாரும்போது வேண்டுமென்றே சிக்கை இழுத்தாள். அவளா செய்யவேண்டும் இதை? வேறு யாராவது செய்திருந்தால் நன்றியாவது சொல்லியிருப்பேன்.

மே 17, செவ்வாய்

குமார் போனில் அழுகிற குரலில்: "அக்கா, இப்பதான் பாத்தேன். அந்த புக்குல பின்னாடி உப்பு பத்தி தனியா போட்டிருக்குது. உப்பு போட்டு சூப்பு குடிக்கணுமாம். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கவே கூடாதாம்."

"நீ எதுவரைக்கும் படிச்ச?"

"அது வந்துக்கா..."

"சொல்லுடா. எதுவரைக்கும்?"

"என்னென்ன துன்னலாம்னு இருந்த வரைக்கும்க்கா."

போனை வைத்துவிட்டேன். புத்தகத்தில் பாதி படித்தவன் சொன்னான், அதில் பாதி கேட்டவள் செய்தேன். யாரைச் செருப்பால் அடிப்பது.

மே 19, வியாழன்

வீடு. டாக்டர் சீட்டு கையில். அவர் எழுதியது:

பழைய மாத்திரை நிறுத்தம். பத்து நாளில் ரத்தமும் பிரஷரும் மறுபடி பார்க்கவேண்டும்.
உணவில் அளவாக உப்பு. கறி வேகவைத்த நீரைக் கொட்டக் கூடாது.
கீரை, தயிர் தினமும். தாகத்துக்குத் தண்ணீர் போதும்.

சோற்றைக் குறைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, எடை இறங்கியது முட்டிக்கு நல்லதுதான், ஆனால் என் கண் முன்னால் செய்யுங்கள் என்றார். கறி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வாசல்படி ஏறும்போதே இவர்: "இனிமே இந்த வூட்டு அடுப்புல உனக்குன்னு கறி ஏறாது. எல்லாரும் துன்றத துன்னு. ஊரே காறித் துப்புது."

ஊர் என்றால் வசந்தா.

சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். காட்டினால் கறி எனக்கு மிஞ்சும். ஆனால் உப்பு விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். காட்டாவிட்டால் குற்றம் கறி மேல். மறுபடியும் கடைசிப் பந்தி, மிச்சச் சோறு, 84 கிலோ, முட்டி.

ராட்சசி. மருத்துவம் தெரிந்தா போட்டாள்? ருசி இல்லை என்று போட்டாள். அதுவும் சரியாகப் போய்த் தொலைத்தது.

மே 21, சனி

இரண்டு நாள் இட்லி, சோறு. முட்டி மறுபடி கனக்கிற மாதிரி. பிரமையாகக் கூட இருக்கலாம்.

செவந்தி பார்க்க வந்தாள். நான் அன்று எரிந்து விழுந்ததைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. "திங்கக்கிழமை வாங்கக்கா. உங்க இடத்துல முதலாளி தன் சொந்தக்காரப் பொண்ண நிறுத்தியிருக்காரு. விரிசலுக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியல அதுக்கு."

போகவேண்டும். நிற்கக் கால் வேண்டும்.

மே 22, ஞாயிறு

காலை நானே கறிக்கடைக்குப் போனேன். வரிசையில் பெண் நான் ஒருத்தி. நெற்றியில் பிளாஸ்திரியோடு. பாய் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நெஞ்செலும்பாகப் போட்டுக் கொடுத்தார்.

இவர் வாசலில் மறித்தார். "சொன்னது காதுல வுழலியா?"

சீட்டை எடுத்து நீட்டினேன். "படிங்க. அண்ணிக்குக் கேக்கற மாதிரி படிங்க."

படித்தார். ஒவ்வொரு வரியாக. உப்பு என்ற இடத்தில் குரல் இறங்கியது. வசந்தா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் போட்ட உப்பு சாக்கடைக்குப் போச்சு. கவர்மெண்ட்டு உப்பு ஊசி வழியா ஏறுச்சு."

இரண்டு நாளாக ஆஸ்பத்திரி முக்காலியில் உட்கார்ந்து தயார் செய்த வாக்கியமாக இருக்கும்.  

"கறி பத்தி என்னா போட்டிருக்குது?" என்று மட்டும் கேட்டேன் இவரிடம்.

"துன்னலாமாம்."

"அவ்ளோதான்."

எலும்போடு வேகவைத்தேன். தண்ணீரைக் கொட்டவில்லை. மஞ்சள், மிளகு, பூண்டு. தட்டை எடுத்துக் கூடத்தில் வைத்து, இவருக்கும் முன்னால், நான் உட்கார்ந்தேன்.  வசந்தா எழுந்து உள்ளே போனாள். சொம்பைத் தூக்கி அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உப்பு ஜாடியோடு வந்து, டங்கென்று தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுக்கடி. செத்துத் தொலைச்சின்னா நான்தானே மறுபடி ஒக்காரணும்."

போட்டுக்கொண்டேன். மூவரும் சாப்பிட்டோம். 

வசந்தா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். ஸ்ரீமுஷ்ணம் பஸ் காலை ஆறரைக்கு. நானே கூட்டிக்கொண்டு போய் ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார வைக்கவேண்டும். பஸ் நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு.