பேயை அவளாக்கினேன்

ஐப்பசி 14, செவ்வாய்

பேய்க்கதையைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்ட காதலனைத் தேடி, செத்துப்போனவன் துறைமுகத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிற கதை. இரண்டு பேரும் ஆண்கள்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேய் வரட்டும் தம்பி. பொம்பிளைப் பேயாய் வரட்டும். 'ன்'னுக்கு 'ள்' போட்டால் சரிதானே?"

"மற்றவன், ஐயா?"

"காட்டிக்குடுத்தவன் அப்பிடியே இருக்கட்டும். அப்பிடி ஆக்கள் ஊரில இருக்கினம்தானே."

அங்கேயே கதிரையில் இருந்தபடி சிவப்புப் பேனையால் மாற்றினேன். வந்தான், வந்தாள். நனைந்திருந்தான், நனைந்திருந்தாள். பேயின் ஒரு 'ன்'னையும் விடவில்லை.

தாள்களை வாங்கும்போது கேட்டார்: "ஆரையும் நினைச்சு எழுதினனீங்களோ?"

யோகனின் பெயர் வாய்வரை வந்தது.

"இல்லை ஐயா. அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

சாவடியில் யோகனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆமிக்காரன் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். அன்றைக்கு என் நெஞ்சில் அவனுடைய துவக்கின் குழல் இருந்தது. இன்றைக்கு மேசையில் ஒரு பேனைதான் இருந்தது.

இரவாகிவிட்டது, வீட்டுக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். யோகன் வரவில்லை.