சங்கரபாண்டிக்குப் பிறந்தநாள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை புளியங்குடி பஸ்ஸில் ஒரு பெரியவர் என் காலடியில் ஒரு சாக்கு எலுமிச்சையை இறக்கி வைத்தார். வண்டி குலுங்கக் குலுங்க வாசனை மேலே ஏறியது. எலுமிச்சைக் கமிஷன் கடையில் கணக்கெழுதிவிட்டுச் சாயங்காலம் நீங்கள் வந்து பக்கத்தில் உட்காரும்போது உங்கள் சேலையில் இருக்குமே, அதே வாசனை. என்னை அறியாமல் நகர்ந்து இடம் விட்டேன். அந்த இடத்தில் யாரோ ஒரு பையன் வந்து உட்கார்ந்தான்.

அதே நேரம் பார்த்துப் போன் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. வாசகியர் குழுவில் வாழ்த்துகள். "நம்ம பாண்டி மாமாவுக்கு இன்னிக்குப் பர்த்டே!" என்று ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் கேக் படங்களாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுதிய தொடர்கதையின் சங்கரபாண்டிதான். பெண்டாட்டி கையை முறுக்கி அடிக்கிற அதே சங்கரபாண்டி. கதையில் அவனுக்கு நீங்கள் பிறந்தநாளே வைக்கவில்லை. இந்தத் தேதி அவனுக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அந்தக் கதையை எழுதியதே இந்தப் பஸ்ஸில்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்துக் கட்டைவிரலால் தட்ட ஆரம்பிப்பீர்கள். இறங்குவதற்கு முன் என்னிடம் நீட்டுவீர்கள். நான் பத்திரம் டைப் செய்து பிழைக்கிறவள். இன்னார் மகன் இன்னார் என்று எழுதி எழுதி ஒற்றெழுத்துக்குப் பழகிய கண். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பேன். செவ்வாயும் வெள்ளியும் ஒரு அத்தியாயம் தொடர்கதை போடும் இணையதளத்தில் ஏறும். அங்கே அதை 'எபி' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

கதாநாயகிக்குக் கோமதி என்று பெயர் வைத்தீர்கள். "நம்ம ஊர்ல கல்லு விட்டெறிஞ்சா ஒரு கோமதி மேலதாம் விழும். யாருன்னு எவளாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றீர்கள். சித்திரை வெயிலிலும் நீங்கள் முழங்கை தாண்டிய ரவிக்கையோடுதான் வேலைக்கு வருவீர்கள். நான் கேட்டதில்லை, நீங்கள் சொன்னதும் இல்லை. கதை தொடங்கிய சில நாட்களிலேயே கோமதி அப்படியொரு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். தையல்காரப் பெண் காரணம் கேட்டதற்கு, கொசுக்கடி என்று பொய் சொன்னாள். படித்துவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன்.

"எழுத்துப்பிழய மட்டும் பாருட்டி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. வாசகிகள் சங்கரபாண்டியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "இவன் கையில கொள்ளி வைக்க", "கோமதி, நீ ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்று வரிசையாக வந்தன. அவற்றைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? காது குளிர யாரோ உங்களுக்காகப் பேசுவதைக் கேட்ட முகம். ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பீர்கள். ஒவ்வொருத்திக்கும் 'நன்றி சிஸ்' போடுவீர்கள்.

அப்புறம்தான் அந்தத் தளத்து வழக்கம் ஒன்று வந்து வாய்த்தது. கதை பாதிக்கு வந்தால் நாயகன் மனதுக்குள்ளிருந்து ஒரு அத்தியாயம் எழுத வேண்டுமாம். அடிக்கிறவனோ கடத்துகிறவனோ, யாராயிருந்தாலும் அவன் பக்கமும் பேசியாக வேண்டும். நீங்கள் அதை வெறும் வழக்கமாக எழுதித் தள்ளியிருக்கலாம். எழுதவில்லை. அப்பனிடம் பெல்ட்டால் அடிவாங்கிய சிறுவன் சங்கரபாண்டியை எழுதினீர்கள். பெண்டாட்டியை அடித்துவிட்டு, தறிக்கூடத்தில் தறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து அழுகிறவனை எழுதினீர்கள். அவ்வளவு நன்றாக நீங்கள் வேறெதையும் எழுதியதில்லை. எனக்கே அவன் மேல் இரக்கம் வந்தது. அதனால்தான் பயந்தேன்.

"இது வேண்டாமேக்கா. அழுதாம்னா எல்லாரும் அவன் பக்கம் போயிருவாங்க" என்றேன்.

"அவிய அழுவாவட்டி. நெசமாவே அழுவாவ. அத மறைச்சா நான் எழுதுதது பொய்யாயிரும்லா" என்றீர்கள்.

கதைக்குள் இருந்தவனை, உங்கள் வீட்டுக்காரரைச் சொல்வதுபோல நீங்கள் 'அவிய' என்று சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு உங்களுக்கும் உறைத்தது. போனை என்னிடமிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள்.

நான் பயந்தது நடந்தது. மறுநாளே அவனுக்குப் படம் வேண்டும் என்றார்கள். அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முகம் ஒட்டுவது வழக்கம். நீங்கள் எந்த முகத்தைப் போடுவீர்கள்? போடவில்லை. அவர்களே எங்கிருந்தோ தாடி வைத்த ஒரு அழகனைத் தேடிப் பிடித்து, இவன்தான் எங்கள் பாண்டி மாமா என்று ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கோமதிக்கு விழுந்த ஒவ்வொரு அறையும் அழகான கையிலிருந்து விழுந்தது. பாண்டி ஆர்மி என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அவனை யாராவது திட்டினால் ஓடி வந்து கடித்துக் குதறினார்கள்.

எத்தனை விதமான வக்காலத்து! அவன் கெட்டவன் இல்லை, காயப்பட்டவன். அவளைத் தவிர அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள். கோமதி அந்த நேரத்தில் அப்படி எதிர்த்துப் பேசியிருக்க வேண்டாம். அவள் ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டிருந்தால் குழந்தையாகியிருப்பான். கன்னத்தில் விரல் தடம் பதிந்த அத்தியாயத்துக்கு ஒருத்தி எழுதியதை நீங்கள் எனக்கு வாசித்தே காட்டினீர்கள்: "அவன் அடிச்சது கோவத்துல இல்ல சிஸ். அவளை இழந்துருவோமோங்கற பயத்துல." அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "இவ யாரு, எந்த ஊரு, ஒண்ணுந் தெரியாது. ஆனா எங்க அத்த சொல்லுததை அப்படியே சொல்லுதா பாரு."

அதுதான் அக்கா விஷயம். அந்தப் பெண்கள் நுட்பமாக வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் ஆழத்துக்குள் இறங்குகிறார்களாம். ஒரு வரிகூட அவர்களுடையது இல்லை. உங்கள் மாமியார் சொன்னது, சமாதானம் பேச வந்த பெரியப்பா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி காபி ஆற்றிக்கொண்டே சொன்னது. எல்லாவற்றையும் எடுத்து, கூடவே நாலு இதயப் படத்தையும் போட்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் கேட்டது போதாதென்று அதைக் கேட்க நீங்கள் ஒரு கதை வேறு எழுத வேண்டியிருந்தது.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா நெருங்கும் நாட்களில் ஒருத்தி, "உங்க ஊரு கோமதி அம்மனே ஒத்தக்கால்ல தவம் இருந்துதானே சாமியைப் பார்த்தா? நம்ம கோமதி கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்று எழுதினாள். யாருக்கும் எதிர்த்துச் சொல்லாத நீங்கள் அவளுக்கு மட்டும் பதில் போட்டீர்கள். "அம்மன் தவம் இருந்தது, தான் கேட்ட கோலத்தில் சாமி காட்சி தர வேண்டும் என்று. அடி வாங்க இல்லை சிஸ்." உடனே ரைட்டருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று இன்னொரு சண்டை.

இதற்கெல்லாம் நடுவில் நீங்கள் எனக்கு மட்டும் ஒன்று சொல்லியிருந்தீர்கள். புளியங்குடியில் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி அறை பார்த்து வைத்திருந்தீர்கள். "கடைசி எபில கோமதி பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருவாட்டி. அவ போயிட்டாள்னா நானும் போயிருவேன்."

"அவ போகட்டும், போகாம இருக்கட்டும். நீங்க இன்னிக்கே போங்கக்கா" என்றேன்.

"நீ ஒருத்தி சொன்னாப் போதுமா? நாலு பேரு சொல்லணும்ட்டி" என்று சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்தச் சிரிப்பை நினைத்தால் உங்கள் மேல் கோபம் வருகிறது. முகம் தெரியாதவர்களிடம் போய் உத்தரவு கேட்டீர்களே அக்கா.

கோமதி பஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. 'முற்றும்' என்று போட்டீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் தளமே இரண்டுபட்டது. 'பாண்டி மாமாவுக்கு நீதி வேண்டும்' என்று பதாகை செய்து போட்டார்கள். முரட்டு நாயகன் கதை என்றால் கடைசியில் அவன் திருந்தி அவளோடு சேர வேண்டும், அதுதான் விதி, இது வாசகிகளுக்குச் செய்த துரோகம் என்றார்கள். குடும்பத்தைப் பிரிக்கிற எழுத்து என்றாள் ஒருத்தி. ரைட்டருக்குச் சொந்த வாழ்க்கையில் ஏதோ குறை, அதைக் கதையில் தீர்த்துக்கொள்கிறார் என்றாள் இன்னொருத்தி. அவள் மட்டும் ஓரளவு சரியாக வாசித்திருக்கிறாள்.

ஒரு வாரம் தாங்கினீர்கள். அடுத்த வாரம் பஸ்ஸில் போனை எடுத்தீர்கள். முடிவுக்குப் பின்னால் இன்னொரு முடிவு எழுதுவது அங்கே வழக்கம், அதற்கு எபிலாக் என்று பெயர். சில வருடம் கழித்துச் சங்கரபாண்டி வந்து அழுகிறான், கோமதி மன்னிக்கிறாள், இரட்டைக் குழந்தை பிறக்கிறது. எபிலாக் என்றால் இரட்டைக் குழந்தை பிறந்தே ஆக வேண்டும். "ரெட்டப் பிள்ளயும் போட்டாச்சி. இனிமே வாய மூடுவாளுவ" என்று போனை நீட்டினீர்கள். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. வாசகிகள் கொண்டாடித் தீர்த்தார்கள். அந்த மாடி அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல். உங்கள் வீட்டுக்காரர், ரெண்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும், வேலை செய்யாமலிருக்க நடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உங்களுக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. அவரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் கடைசிவரை 'அவிய' என்றே சொன்னதால் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் உங்கள் போனைத் திறந்திருக்கிறார். கதை முழுவதையும் படித்திருக்கிறார். வெட்கப்படுவார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் கணக்கிலிருந்தே, தன் படத்தையும் வைத்து, ஒரு பதிவு போட்டார்: "என் மனைவி என்னை வைத்துத்தான் எழுதினாள். நான்தான் உங்கள் சங்கரபாண்டி." அவ்வளவுதான். "மாமா அழாதீங்க", "நீங்க அவங்களை எவ்வளவு நேசிச்சிருந்தா இப்படி எழுதியிருப்பாங்க" என்று பெண்கள் உருகினார்கள். பிறந்தநாள் எப்போது என்று கேட்டார்கள். சொன்னார். அந்தத் தேதிதான் அக்கா இன்று.

போன மாதம் புத்தகமும் வந்துவிட்டது. இங்கே சங்கரன்கோவிலிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. அவருக்குப் பொன்னாடை. கோமதி பஸ் ஏறும் பக்கம் புத்தகத்தில் இருக்கிறது, அடுத்த பக்கத்தைத் திருப்பினால் இரட்டைக் குழந்தை. என்னைப் பேசச் சொன்னார்கள். வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாததால் மாட்டேன் என்றேன்.

கை கழுவும் இடத்தில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். குருவிகுளத்திலிருந்து வந்திருந்தாள். சின்ன வயதுதான்.

"நீங்கதான ரைட்டரக்காவோட பிரண்டு? பாண்டி மாமாவ யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா எனக்குப் பொறுக்காதுக்கா. குரூப்புல சண்டைக்கே போயிருவேன்."

"அவன் மேல ஏம்மா ஒனக்கு அவ்வளவு பாசம்?"

"எங்க வீட்டுலயும் அவிய அப்படித்தாங்க்கா. கோவம் ஒண்ணுதான். மத்தபடி தங்கம். பாண்டி மாமாவே திருந்தலையா? அவியளும் திருந்திருவாவ."

இத்தனை நாளும் அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் நான் ஒரே வாயால் திட்டிக்கொண்டிருந்தேன். அவளைத் திட்ட முடியவில்லை. மெதுவாகச் சொன்னேன்: "அவன் திருந்தலம்மா. கோமதி பஸ் ஏறுனதோட கத முடிஞ்சிது. அக்கா எழுதுனது அவ்வளவுதான். மிச்சம் நீங்கல்லாம் கேட்டு வாங்குனது."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. "ஒங்களுக்கு மாமாவப் பிடிக்காது போல" என்று போய், உங்கள் வீட்டுக்காரரோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் வரிசையில் நின்றுகொண்டாள்.

இன்று மத்தியானம், அந்தப் பிறந்தநாள் வாழ்த்துகளின் நடுவே, அவளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "அக்கா, பஸ் ஏறிப் போன பொறவு கோமதி எங்கன தங்குனா? அத மட்டும் சொல்லுங்க."

உங்களுக்கு வந்த கருத்துகள் எல்லாவற்றையும் நான் படித்தவள். நீதி கேட்டார்கள், இரட்டைக் குழந்தை கேட்டார்கள். இதை ஒருத்தியும் கேட்கவில்லை அக்கா. ஒரே ஒருத்தி அன்றைக்குக் கேட்டிருந்தால் உங்களிடம் பதில் இருந்தது, கடைக்குப் பக்கத்து மாடி அறை. இப்போது அந்தக் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது. கதையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. என் வீட்டு விலாசத்தை அனுப்பினேன், எப்போது வேண்டுமானாலும் வா என்றேன்.

இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை.