தொடக்கூடாத கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் முழு நலம், அப்பா முழங்காலைத் தவிர மீதியெல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "விடும்மா, இந்த வயசுல பரீட்சை எழுதி என்ன கிழிக்கப் போற, டிக்கெட் போடுறேன், கிளம்பி வா" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் குக்கர் கூப்பிடுகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

தையல் பயிற்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் உதவியாளர். ஆசிரியையாக வருகிறவர்களுக்கெல்லாம் கத்தரி பிடிக்கக் காட்டிக்கொடுப்பது நான், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தேறாததால் அந்த நாற்காலி மட்டும் எனக்கு இல்லை. போன முறை இரண்டே மார்க்கில் போயிற்று. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன், மடக்கை, அதுதான் லாக், அந்த வரைபடம்தான் காலை வாரியிருக்கிறது. அடிமானம் இரண்டு, புள்ளிகள் எல்லாம் சரி, ஒன்றுக்குப் பூஜ்யம், இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு இரண்டு, எட்டுக்கு மூன்று. இடப்பக்கம் வளைவு கீழே இறங்கும்போது அதைக் கொண்டுபோய்ச் செங்குத்து அச்சில் ஒட்டவைத்துவிட்டேன். கழுத்து வெட்டுகிற கை அல்லவா, இரண்டாக மடித்த துணியில் வளைவு மடிப்பில் போய்ச் சேராவிட்டால் துணி பாழ். அந்தப் பழக்கம் பரீட்சைக்கும் கூடவே வந்துவிட்டது.

டியூஷன் டீச்சர் உன்னைவிடச் சின்னவள், விடைத்தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "பூஜ்யத்துக்கு மடக்கையே கிடையாதுக்கா, அப்புறம் எப்படி அங்க போய்த் தொடும்? நெருங்கிக்கிட்டே இருக்கும், ஒட்டாது" என்றாள். இப்போது முதல் வேலையாக அந்தத் தொடக்கூடாத கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட்டுவிடுகிறேன், அதற்கு இடப்பக்கம் பென்சிலே போவதில்லை. எக்ஸிலிருந்து மூன்றைக் கழித்துக் கேள்வி கொடுத்தால் கோடு மூன்றுக்கு நகரும், வளைவும் கூடவே நகர்ந்து படுக்கை அச்சை நான்கில் கடக்கும். வலப்பக்கம் ஆமை மாதிரிதான் ஏறுகிறது, எட்டில் மூன்று என்றால் நான்கைப் பிடிக்கப் பதினாறு வரை நடக்க வேண்டும், ஆனாலும் ஏறுவதை நிறுத்துவதில்லை. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்பா தினமும் காலையில் ஐந்து தாளில் அச்சுக் கோடுகள் போட்டு வைத்துவிட்டு, "தொட்டா இன்னைக்கு டீ கிடையாது" என்று மிரட்டுகிறார். முதல் வாரம் இரண்டு நாள் டீ கிடைக்கவில்லை.

ஒன்பதாவதில் கணக்கில் தோற்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாயே, அன்றைக்கு நான் உன்னிடம் விட்டுவிடு என்றா சொன்னேன்? மறுபடி எழுது என்றுதானே சொன்னேன். இப்போது அதையே நீ எனக்குச் சொல்லக் கூடாதா? பத்தொன்பதாம் தேதி பரீட்சை. அதுவரை டிக்கெட் பேச்சே வேண்டாம், இந்த முறையும் போனால் அடுத்த முறையும் எழுதுவேன்.

கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்காராதே, முதுகு வளைந்தால் எந்தத் துணியும் சரியாக விழாது. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். பரீட்சை அன்றைக்கு, இங்கத்திய நேரப்படி மதியம் ஒரு மணிக்கு மேல் கூப்பிடு. எப்படி எழுதினாய் என்று கேட்காதே, கோட்டைத் தொட்டாயா என்று மட்டும் கேள்.

உன் வழிக்கு வராத,
அம்மா