சண்டை விமானம் பழகிய கை

அண்ணே,

அன்றைக்கு முதலில் எனக்குத் தெரிந்தது வாழைப்பழ வாசனை. வீட்டில் பழமே இல்லை. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியின் ஆவிக்கு நடுவே அந்த வாசனை சன்னல் வழியாக வந்தது. நன்றாகக் கனிந்த பழம்போலத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் மூக்குக்குள் சுருக்கென்று ஏறியது. உங்கள் விமானத்தின் இறக்கைத் துணிக்குப் பூசுகிற டோப்பு. நீங்கள் போன பிறகு நம் மரக்கடைப் பக்கம் அந்த வாசனை வந்ததே இல்லை.

அம்மாவுக்கும் எட்டியிருக்கும். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி அரைத்தாள்.

உங்களோடு படையில் இருந்த நண்பர் வந்திருந்தார், அந்தத் திருச்சிக்காரர். போர் முடிந்து ஊர் திரும்புகிற வழியில் உங்கள் தகரப் பெட்டியைக் கொடுக்க வந்தவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்பா விமானத்தைக் காட்டியிருக்கிறார். “தம்பி, இதை நீங்க எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இது இங்க நிக்கிறவரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமுடியல” என்றாராம். நண்பர் தெற்கே விமானம் இறங்குகிற ஏரோட்ரோமுக்குப் போய் அனுமதி வாங்கி வந்தார். பிரித்து வண்டியில் ஏற்றவேண்டாம், வற்றிக் கிடக்கிற கண்மாயிலிருந்து நானே பறந்து கொண்டுபோய்விடுகிறேன் என்றார். எலி கடித்திருந்த துணிக்கு ஒட்டுப்போட்டு டோப்பு பூசினார். நம் கடைத் தச்சு ஆசாரி கூடவே இருந்தார். நான் காப்பியை வாசல் மரக்கட்டையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நண்பர் முகத்தைப் பார்த்ததில்லை. வெளியாள் முன்னால் எனக்குப் பேச்சே வராது என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்த வாசனையோடு அன்று முழுவதும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அதைக் கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்கு ஓடிவருவேன். சென்னையில் பறக்கக் கற்றுக்கொண்டு வந்த மகன் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று அப்பா நினைத்திருந்தார். நீங்கள் கடையிலிருந்த நல்ல மரத்தையெல்லாம் பொறுக்கி இறக்கைக்கு ஒதுக்கினீர்கள். பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி முன்னால் பூட்டினீர்கள். துணியை இறக்கைச் சட்டத்தோடு தைக்கும்போது என் வேலை அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நீங்கள் மேலிருந்து குத்துகிற ஊசியை வாங்கித் திருப்பிக் குத்துவது. “சின்னக் கை பாப்பா உனக்கு, அதான் சம்பளம் இல்லாத வேலை கெடச்சிருக்கு” என்பீர்கள்.

டோப்பு சென்னையிலிருந்து வர நாளாகும் என்றதும், தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுகிறார்களே, அதே அரிசிக் கஞ்சியை இறக்கைக்கும் பூசலாம் என்று உங்களுக்குத் தோன்றியது. காய்ந்ததும் துணி தவில்போல விறைத்துக்கொண்டது. தட்டித் தட்டிச் சந்தோஷப்பட்டீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மரவண்டி மாடு ஒரு பக்க இறக்கையை நக்கியே ஓட்டை போட்டிருந்தது. நீங்கள் கம்பை எடுத்தீர்கள். ஆசாரி குறுக்கே வந்து நின்றார்.

“தம்பி, மாட்டை அடிக்காதீக. சோத்து வாசனை அடிச்சா அது என்ன பண்ணும்? நல்லவேளை, கொழம்பு ஊத்தாம விட்டீக.”

அதற்குப் பிறகு ஊரில் அதற்கு விமானம் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. “மாடு தின்ன ரெக்கை எப்பப் பறக்குது?” என்றுதான் கேட்டார்கள். கண்மாய் வற்றியிருந்த கோடையில் அது பறந்தது. பனை உயரத்துக்கு ஏறி, நம் ஆனையூரை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கண்மாய்க்குள் இறங்கியது. கேட்டவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதில் வேகம் காட்டுகிற முள் கிடையாது. இறக்கையை உடம்போடு இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் உங்களுக்கு முள். கம்பி நன்றாகப் பாடினால் வேகம் இருக்கிறது. சத்தம் தணிந்தால் மூக்கைக் கீழே இறக்கவேண்டும். அந்தக் கம்பிகளை முறுக்கும்போது மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். அதனால் அந்தச் சத்தம் எனக்கும் பழகிப்போயிருந்தது.

பிறகு போர் வந்தது. விமானம் கொட்டகைக்குள் போனது, நீங்கள் படைக்குப் போனீர்கள். நான் பெரியவளானேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது.

நீங்கள் விடுப்பில் வந்த அந்த ஒரு முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்த மறுநாளே கொட்டகையைத் திறந்து, விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். நான் எதிரே ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஓட்டுகிற சண்டை விமானத்தின் பெயரைச் சொன்னீர்கள்.

“அரிக்கேன் இருக்கு பாரு பாப்பா, அது…” என்று தொடங்கினீர்கள். வெளியே அம்மா, “ஒரு அரிக்கேன் வெளக்குக்கா இம்புட்டுப் பேச்சு? ஊத்த மண்ணெண்ணெயே கெடைக்கல” என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் இறக்கை ஆடியது.

அப்புறம் சொன்னீர்கள். “கட்டை ஏத்துன வண்டி பாத்திருக்கேல்ல? கெளப்புறதுக்குள்ள உசிரு போயிரும். கெளம்பிட்டா நிறுத்த முடியாது. அரிக்கேன் அந்த மாதிரி. ஓடத் தொடங்குனதும் எஞ்சின் ஒரு பக்கமா இழுக்கும், வலது காலை மிதிச்சே வச்சிருக்கணும். வேகம் கூடக்கூட ஓட்டுற குச்சி இறுகிரும். சாயிக்கணும்னா தோள்ல இருந்து தள்ளணும். ஆனா நம்பலாம். சுடுறப்ப ஆடாம நிக்கும்.”

“இது?”

“இது வெறும் வண்டி. நீ சொல்லக்கூட வேணாம், நெனச்சாப் போதும், திரும்பியிருக்கும். அது ஒரு வளைவு வளைஞ்சு வர்றதுக்குள்ள இது ரெண்டு சுத்து சுத்திரும். ரெண்டு வெரலு போதும். ஆனா இதுக்கு வேகத்தைச் சேத்து வைக்கத் தெரியாது. மூக்கைத் தூக்கிட்டா அந்த எடத்துலயே கையில வேகம் ஒண்ணும் இருக்காது.”

“ரெண்டுல எதுண்ணே ஒசத்தி?”

“சண்டைக்கு அது. எனக்கு இது.”

விடுப்பு முடிவதற்கு முன், அப்பா ஊரில் இல்லாத ஒரு விடியற்காலையில், “பனை உயரந்தான், ஒரே சுத்து” என்று கண்மாயில் கிளப்பினீர்கள். சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்க நான் மட்டும் இருந்தேன். ஓடியது, வால் தூக்கியது. அடுத்த நொடி மூக்கு நெட்டுக்குத்தாக வானத்தைப் பார்த்தது. எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. கம்பிச் சத்தம் மட்டும் நின்றுபோனது. ஒரு பக்க இறக்கை சரிந்தது, நீங்கள் எப்படியோ மூக்கைத் தள்ளினீர்கள், தரையில் மோதித் துள்ளி நின்றது. சக்கரத்தின் அச்சு வளைந்திருந்தது.

ஓடிவந்து பார்த்தால் நீங்கள் உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “அங்க இழுத்த மாதிரியே இழுத்துட்டேன் பாப்பா. எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியல” என்றீர்கள். பிறகு, “அப்பாட்ட சொல்லாத. நான் தப்பே பண்ணமாட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவரு தூங்குறாரு” என்றீர்கள்.

அச்சை மாடு மிதித்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னீர்கள். அவர் நம்பினார். இறக்கையைத் தின்ற மாடுதானே. அதைக் கொட்டகைப் பக்கமே கட்டக்கூடாது என்று வண்டிக்காரரைச் சத்தம்போட்டார்.

பிறகு நீங்கள் போனீர்கள். எல்லை மலைக்கு அந்தப் பக்கம் போன உங்கள் விமானம் திரும்பவில்லை என்று தந்தி வந்தது. அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வருகிறவர்களிடமெல்லாம், “என் மகன் கை தப்பாது. எதிரியோட குண்டுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி அன்று காலை நடந்ததை எழுதுகிறேன். விமானம் தெற்கே நல்லபடியாக இறங்கியது என்று மத்தியானமே ஆள் வந்து சொல்லிவிட்டார். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் படித்து முடிக்கிறவரை கவலைப்படுவீர்கள். இப்போது கொட்டகை காலி. அப்பா அங்கே தேக்கு அடுக்கச் சொல்லியிருக்கிறார். காற்றடிக்கிற நாளில் துணி காயப்போடுகிற கம்பி பாடினால் என் கை செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறது. தணிகிறதா என்று காது பார்க்கிறது. அது போகாது என்று நினைக்கிறேன்.

அன்று விடிந்ததும் ஊரே கண்மாய்க்கரைக்கு வந்திருந்தது. பெண்கள் நாங்கள் கட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றோம். நண்பர் ஏறி உட்கார்ந்தார். ஆசாரி விசிறியைச் சுற்றிவிட எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் நண்பர் கையைப் பார்த்தேன். குச்சியை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், எலும்பு வெளுத்துத் தெரியும்படி. தோளும் அதோடு இறங்கியிருந்தது. அவரும் அத்தனை வருடம் அரிக்கேன்தானே ஓட்டினார். கட்டியவர் நீங்கள், உங்கள் கையே மறந்துவிட்டது. இவர் இதில் ஒரு நாளும் பறந்தவரில்லை.

கத்தினாலும் கேட்காது. அம்மா என் முந்தானையைப் பிடித்திருந்தாள் போலிருக்கிறது, இழுத்துக்கொண்டு போனேன் என்று பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. இறக்கையின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். புழுதி முகத்தில் அடித்தது.

“ஏ ஆத்தா, தள்ளு! ரெக்கை அடிச்சிரும்!” என்று ஆசாரி கத்தினார்.

நான் விடவில்லை. நண்பர் எஞ்சினை நிறுத்தினார். நின்றதும் வந்த அமைதியில் கரையில் யாரோ, “அந்தப் புள்ளைக்குப் பேசவே வராதேப்பா” என்றது நன்றாகக் கேட்டது.

“என்னம்மா தங்கச்சி?” என்றார் நண்பர்.

“இப்படிப் புடிச்சா மூக்குத் தூக்கிரும். கம்பிச் சத்தம் நின்னா விழுந்துரும்.”

“உங்கண்ணன் பிரமாதமா ஓட்டுவாரேம்மா. அவரு ஒண்ணும் அப்படிச் சொன்னதில்லையே. யாரு சொன்னா உனக்கு?”

அப்பா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் செருப்பு எனக்குத் தெரிந்தது. அண்ணே, நீங்கள் கேட்டுக்கொண்டதை அது வரைக்கும் காப்பாற்றினேன். ஆனால் இதைச் சொல்லாமல் நண்பரைப் போகவிட முடியவில்லை. பாதி சொன்னால் அவர் நம்பமாட்டார்.

“அண்ணன் லீவுல வந்தப்ப இதுல ஏறுனாரு. அங்க இழுக்குற மாதிரியே இழுத்துட்டாரு. மூக்கு நெட்டுக்கு நின்னுருச்சு. விழுந்தாரு. நான் பாத்தேன்.”

அப்பாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் குரல் மட்டும் வந்தது.

“அப்ப அந்த மாடு மிதிக்கலையா?”

“இல்லப்பா.”

திட்டுவார் என்று நின்றேன். “தம்பி, அது சொல்றதைக் கேட்டுக்கங்க. எம்மகனுக்கே கை தப்பியிருக்கு” என்றார். உங்களைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். குரலில் கோபம் இல்லை.

நண்பர் தலையாட்டினார். சிரிக்கவில்லை. வேறு என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன், வேகத்தைச் சேர்த்து வைக்காது என்பதை, நினைத்தாலே திரும்பும் என்பதை, சத்தம் தணிந்தால் மூக்கை இறக்குவதை. பேசிக்கொண்டே அவர் பிடியைத் தளர்த்திப் பார்த்தார். “இப்படியா?” என்றார். அதுவும் மூடிய கைமுட்டிதான்.

“தம்பி, அது கடப்பாரையில்ல” என்றார் ஆசாரி.

மறுபடி பிடித்தார். தளர்த்திவிட்டதாக அவர் நினைத்தார், கை தளரவில்லை. அவருக்குத் தெரிந்தது, அவர் கைக்குத் தெரியவில்லை. சொல்லிப் புரியவைக்க என்னிடம் வேறு சொல் இல்லை. சுற்றி ஊர் நின்றது. வயதுக்கு வந்த பெண் வேற்று ஆணின் கையைத் தொடலாகாது என்று எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இறக்கையை விட்டுவிட்டு அருகே போனேன். உள்ளே குனிந்து, அவருடைய சுண்டு விரலை முதலில் பிரித்தேன். பிறகு மோதிர விரலை. பிறகு நடு விரலை. குச்சியில் மிச்சம் இருந்தது இரண்டு விரல்.