கத்தரீனாளின் இடது கை

சித்திரபுரம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து சூசையப்பன் பால் வாங்கப் போன நேரம் பார்த்து, அவர் மனைவி கத்தரீனாள் ஆபரேஷனுக்குக் கிளம்பினாள். முந்தின நாள் சண்டையில் இருவருக்கும் பேச்சில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்:

“ஏங்க, மகளோட ஜீப்புல போறேன். சாளை மீன் குழம்பு சட்டியில இருக்கு. மூடி மேல கல்லை வைங்க, பூனை காத்துக்கிட்டு இருக்கு. உபதேசியார் ஜெபிக்க வந்தா, நான் இன்னும் சாகல, டயாலிசிஸுக்காகக் கையில ரத்தக்குழாயை இணைச்சுத் தைக்கப் போயிருக்கேன்னு சொல்லுங்க.

கழுத்துல குழாய் போட்டா உடனே முடிஞ்சிரும், எழுபது வயசுல கையை எதுக்கு வெட்டணும்னு குதிச்சீங்க. கழுத்துக் குழாய் சீக்கிரம் சீழ் பிடிக்குமாம், இஷ்டத்துக்குக் குளிக்கவும் முடியாதாம். கை தேற ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கிட்னி தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அவரு, அதிகம் புழங்காத கை எதுன்னு கேட்டாரு. ரெண்டு கையாலயும் கொழுந்து கிள்ளியே காலம் போனவகிட்ட கேக்குற கேள்வியா? நான் முழிச்சப்ப நீங்கதான், ‘வலதை விட்ருங்க, என்னை வையும்போது அதைத்தான் நீட்டுவா’ன்னீங்க. நர்சு சிரிச்சு, என் மானம் போச்சு. இடதுதான்னு முடிவாச்சு. இனி அந்தக் கை வெயிட் தூக்காது. குடம் உங்க பாடு.”

ஜீப் ஹார்ன் அடித்தது. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“புண்ணு ஆறுனப்புறம் கையில காது வச்சா, உள்ள ரத்தம் இரையுறது கேக்குமாம். ரிட்டயரானதுல இருந்து ஃபேக்டரி மிசின் சத்தம் இல்லாம தூக்கம் வரலைன்னு உருண்டுக்கிட்டு கெடக்கீங்கல்ல? இனி எனக்கு இடது பக்கமா வந்து படுங்க.”