தேங்காய் காட்டாத இடம்

செவந்தி,

நீ களையெடுத்துத் திரும்புவதற்குள் பஸ் போய்விடும். கிணறு வெட்டும் ஆட்களை நாளைக்கு வரச் சொல்லக் கறம்பக்குடி போகிறேன்.

நேற்று உன் எலுமிச்சை மரத்தடியில், நீரோட்டம் பார்க்கும் மலையாண்டி அண்ணன் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றதும், மரத்தை வெட்டிவிட்டு அங்கேயே தோண்டலாம் என்றேன். அவர் காட்டிய ஒன்பது இடத்திலும் தண்ணீர் வந்திருக்கிறது, அவர் தேங்காய் பொய்க்காது என்றேன். நீ சோறு போட்டுக்கொண்டே, "அவரு காட்டாத எடத்துல யாராச்சும் தோண்டிப் பாத்தாங்களா?" என்று கேட்டாய். பதில் தெரியாததால்தான் கத்திவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன்.

காலையில் நாகராசு வீட்டுப் பக்கம் போனேன். எருக்குழி தோண்டப் போனவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எருவைக் கொண்டுபோய் எங்கிட்டுக் கொட்டுறது?" என்று திட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் தேங்காய் பிடிக்கவில்லை. குளத்துக்குக் கீழே இருக்கும் நம் ஊரில் எங்கே தோண்டினாலும் ஊற்றுதான் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக ஊரே அந்த ஒன்பது கிணற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் உன்னைவிட நாலு வகுப்பு கூடப் படித்த எனக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

மரம் இருக்கட்டும். கிணறு எங்கே வேண்டுமென்று நீயே ஒரு குச்சி நட்டு வை.

கடப்பாரைக்குப் பூசை போட அண்ணன் நாளைக்குப் பத்து மணிக்கு வருவார். மனம் நோகாமல் பேசிச் சாப்பாடு போட்டு அனுப்பு.

ஆண்டியப்பன்

அவர் விட்டுப்போன தேங்காய் உறியில் இருக்கிறது. எனக்குத் துவையல் அரைத்து வை. அதில் பொய்க்காது.